உப்பில்லாத கூழ்

எங்கள் குடும்பத்தில் பெருமைக்கு மட்டும் என்றைக்கும் குறைச்சல் இருந்ததில்லை. அப்பா கடைசிக் காலத்தில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லாட்ஜுக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருந்தார். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும்போதுகூட, முன்னால் நிற்கிற ஆளிடம், “நம்ம பங்களாவுல முன்பக்கம் மட்டும் பதினாறு தூணு” என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அந்த ஆளுக்கு லாரி எப்போது வரும் என்பதுதான் கவலை. அப்பா அதைப் பொருட்படுத்தியதே இல்லை.

பங்களா நெல்லித்தாங்கலில் இருக்கிறது. ஒரகடம் போகிற சாலையிலிருந்து உள்ளே பிரிந்து, மூன்று கம்பெனி மதில்களைத் தாண்டினால் வரும். பெத்தேல் பங்களா என்று பெயர். கட்டியவர் கான்ட்ராக்டர் யாக்கோபு, அப்பாவின் கொள்ளுத்தாத்தா. வெள்ளைக்காரன் காலத்தில் ஏரிக்கரை வேலைகளுக்கு ஒப்பந்தம் எடுத்தவர். தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, ஊருக்கு ஒரு வேலையும் ஒரு வாய்க் கஞ்சியும் கிடைக்கட்டும் என்றே இந்த வீட்டைக் கட்டத் தொடங்கினார் என்பது எங்கள் குடும்பக் கதை. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் அப்பா அதைச் சொல்வார். பைபிளுக்கு அடுத்தபடி எங்கள் வீட்டில் யாரும் சந்தேகப்படக் கூடாதது அதுதான்.

2006இல் அப்பாவும் அண்ணன் ஜெபர்சனும் நானும் கையெழுத்துப் போட்டு, பங்களாவை ஒரு கார் உதிரிபாகக் கம்பெனிக்கு விற்றோம். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, சுற்றிலும் எல்லோரும் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஐந்து வருஷத்தில் அப்பா போய்விட்டார். கம்பெனிக்காரர்கள் பங்களாவைப் பூட்டி, உள்ளே பழைய இரும்பைப் போட்டு வைத்தார்கள். நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த வீட்டுப் பெயரைத் தவிர எனக்கென்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அதனால்தான் இந்த ஜூன் மாதம் அந்தக் கம்பெனியிலிருந்து ஃபோன் வந்ததும் நான் அழுதேன். பேசியவர் எழிலரசன், அட்மின் மேனேஜர். பங்களாவைப் பழுது பார்த்து விருந்தினர் மாளிகை ஆக்குகிறார்களாம். போர்ட்டிகோவில் ஒரு கறுப்புக் கல் பதிக்கப் போகிறார்களாம். அதில் கட்டியவரைப் பற்றி நாலு வரி வேண்டும், குடும்பத்தார்தான் எழுதித் தர வேண்டும் என்றார். பதினைந்து நிமிஷத்தில் எழுதிவிட்டேன். அப்பா வாழ்நாள் முழுவதும் சொல்லிச் சொல்லி எனக்குள் எழுதி வைத்துவிட்டுப் போனதுதானே.

‘தாது வருஷப் பஞ்சத்தில் / ஊருக்கு வேலையும் கஞ்சியும் தந்த / கான்ட்ராக்டர் யாக்கோபு அவர்கள் / கட்டிய இல்லம், 1877.’

அந்த வாரமே எழிலரசன் என்னை வந்து பார்க்கச் சொன்னார். சனிக்கிழமை காலை போனேன். பதினாறு தூண்களுக்கும் வெள்ளை அடித்திருந்தார்கள். இருபது வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியில் கால் வைத்தேன். கல் வந்துவிட்டிருந்தது. போர்ட்டிகோ ஓரமாகச் சாக்குச் சுற்றிச் சாய்த்து வைத்திருந்தார்கள். எழிலரசன் சாக்கை விலக்கிக் காட்டினார். யாக்கோபு என்ற பெயரை விரலால் தடவிப் பார்த்தேன். அப்பா இருந்திருந்தால் தண்ணீர் லாரிக்காரனையே கூட்டிவந்து காட்டியிருப்பார்.

“எல்லாம் சூப்பரா வந்துடுச்சு மேடம். மேற்குச் சுவர் மட்டும்தான் தொல்லை” என்றார் எழிலரசன். “மத்த மூணு பக்கமும் இரும்பு மாதிரி இருக்கு. அந்த ஒரு சுவர் மட்டும் இடுப்பு உயரத்துக்கு உப்பு பூத்து, பூச்சு பொரிஞ்சு விழுந்துக்கிட்டே இருக்கு. இஞ்சினியருக்கே காரணம் புரியல. பரவால்ல, அந்தப் பக்கம் ஜன்னலும் இல்ல, கதவும் இல்ல. யாரும் பாக்கப் போறதில்ல. அங்கதான் செப்டிக் டேங்க் போடறோம். திங்கக்கிழமை ஜேசிபி வருது.”

எனக்கு அது சரியாகவே பட்டது. அந்தச் சுவரில் ஏன் ஜன்னல் இல்லை என்று சின்ன வயசில் கேட்டதற்கு அப்பா, மேற்கு வெயில் என்றார். பதில் அத்தோடு முடிந்தது.

ஆனால் மேற்குச் சுவர் என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. எழிலரசனிடம் ஆசை ஆசையாகச் சொன்னேன். ஆடி மாசம் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலனி ஜனங்கள் பானையில் கேழ்வரகுக் கூழ் எடுத்துக்கொண்டு பங்களாவுக்கு வருவார்கள். நேரே மேற்குச் சுவருக்குப் போய், அடியில் பதினேழு அகப்பை கூழ் ஊற்றிக் கும்பிடுவார்கள். பதினாறு தூணுக்குப் பதினாறு, ஆண்டவருக்கு ஒன்று என்று அப்பா கணக்குச் சொல்வார். யாக்கோபு தாத்தா பஞ்சத்தில் சோறு போட்டாரே, அந்த நன்றிக்காக அவர் கட்டிய வீட்டுக்குப் படைக்கிறார்கள் என்பார். முன்பக்கம் வந்து படைக்க அவர்களுக்குக் கூச்சம், அதனால் பக்கச் சுவரில் ஊற்றுகிறார்கள் என்பார். எங்களுக்குச் சாதகமாக எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது.

அந்தக் கூழில் உப்பு இருக்காது. எட்டு வயசில் நான் ஒருமுறை ஓடிப்போய்ப் பானையில் விரல் விட்டு நக்கிப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னாலும் யாரோ அப்படி நக்கிப் பார்த்து, பாவம், உப்புக்குக்கூட வழியில்லாத ஜனங்கள் என்று முடிவு கட்டியிருக்க வேண்டும். ஏனென்றால் எங்களுக்கும் ஒரு பழக்கம் உண்டு. கூழ் ஊற்றி முடித்து அவர்கள் முன்பக்கம் வந்து நின்றதும், ஆளுக்கு ஓர் ஆழாக்குக் கல்லுப்பு கொடுப்போம். பத்து வயசிலிருந்து அது என் வேலை. பீங்கான் ஜாடியை மடியில் இடுக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்து அளந்து போடுவேன். போடும்போது ஒவ்வொருவரிடமும் “போதுமா?” என்று கேட்க வேண்டும் என்று அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். முந்தானையிலும் துண்டிலும் வாங்கிக்கொண்டு, “போதும்மா” என்பார்கள். பிறகு பின்வாசல் வழியாகப் போய்விடுவார்கள்.

எழிலரசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “இது ரொம்ப நல்லா இருக்கே மேடம். இப்பவும் ஆடியில வந்து ஊத்திட்டுத்தான் போறாங்க, வாட்ச்மேன் ஒரு மணி நேரம் விடுவாரு. ஓப்பனிங் அன்னைக்கும் ஊத்தச் சொல்லிடலாம்” என்றவர், தாழ்வாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளைக் கூப்பிட்டார். ஹவுஸ்கீப்பிங் நீலக் கோட்டுக்குள்ளே சுங்குடிச் சேலை. ஐம்பத்தைந்து வயசு இருக்கும். காலனிப் பாப்பம்மாள். என் உப்பை வாங்கிய கைகளில் அவள் கையும் ஒன்று. என்னைப் பார்த்து, “நல்லா கீறீங்களாமா?” என்றாள்.

“பாப்பம்மா, அந்தக் கூழு ஊத்துறத ஓப்பனிங் அன்னைக்குப் போர்ட்டிகோ முன்னாடி வெச்சிக்கலாமா? ஃபாரின் கெஸ்ட் வராங்க, வீடியோ எடுப்பாங்க. மேடமும் பக்கத்துல நிப்பாங்க.”

பாப்பம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். “அங்க எதுக்கு சார் ஊத்தணும்? அங்க யாரு கீறாங்க?”

“மேடம் குடும்பத்துக்குத்தானே ஊத்துறீங்க?”

“இவங்களுக்கா?” அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமோ ஏளனமோ இல்லை. உண்மையிலேயே ஆச்சரியம்தான் இருந்தது. “இவங்களுக்கு இன்னாத்துக்கு சார் ஊத்தணும்?”

எழிலரசனுக்கு ஃபோன் வந்தது. அவர் நகர்ந்ததும் பாப்பம்மாள், “வாங்கமா” என்று என்னை மேற்குச் சுவர்ப் பக்கம் அழைத்துப் போனாள். சுண்ணாம்புக் கோடு போட்டு டேங்கின் நீள அகலத்தைக் குறித்திருந்தார்கள். கோடு சுவரை ஒட்டியே இருந்தது. அவள் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“இந்தச் செவுத்துக்கு அடியில எங்க ஆளுங்க பதினேழு பேரு கீறாங்கமா” என்றாள். “பஞ்சத்துல ஏரிக்கரை வேலைக்கு வந்தவங்க. சர்க்காரு அவங்களுக்கு ஊத்தச் சொல்லிக் கஞ்சிக்குத் தானியம் குடுத்துச்சாம். உங்க பெரியவரு அவங்கள ஏரிக்கரையிலேர்ந்து இங்க இட்டாந்து, அந்தக் கஞ்சியவே ஊத்தி, இந்த வூட்டக் கட்டிக்கினாரு. அப்போ உப்புக்கு வரியாம். அதனால கஞ்சிக்கு உப்பு கெடையாது. வெறும் கஞ்சிய குடிச்சிக்கினு கல்லு தூக்கினாங்க. அப்பால பேதி வந்துச்சு. ஒரே வாரத்துல பதினேழு உசுரு. எடுத்துனு போயி பொதைக்க மத்தவங்களுக்குத் தெம்பு இல்ல. கடக்கால் தோண்டி ரெடியா இருந்துச்சு. அதுலயே படுக்க வெச்சி, மேல கல்லப் போட்டு, செவுத்த எழுப்பிட்டாரு. அன்னைக்கு அவங்க குடிச்சது உப்பில்லாத கஞ்சி. அத மறக்கக் கூடாதுன்னுதான் நாங்க கூழுக்கு உப்பு போடறதில்ல.”

எனக்குக் கோபம் வந்தது. கோபம் எனக்குச் சீக்கிரம் வரும், அதிலும் நான் தவறு என்று உள்ளுக்குள் தெரியும்போது இன்னும் சீக்கிரம் வரும். “உனக்கு யாரு சொன்னா இதெல்லாம்?” என்றேன்.

“யாரு சொல்லணும்மா? வருசா வருசம் ஊத்துறோம்ல.”

“எங்க பெரியவர் இல்லன்னா உங்க ஊர்ல ஒருத்தர்கூட மிஞ்சியிருக்க மாட்டீங்க. அத நெனைச்சிப் பேசு.”

பாப்பம்மாள் பதிலுக்குக் கத்தவில்லை. “இருக்கட்டும்மா. திங்கக்கெழம மிசின் வருது. கக்கூசுத் தொட்டி அவங்க தலைக்கு மேல வருது. ஆபிசுல சொல்லிப் பாத்துட்டோம். ரெக்கார்டு கீதான்னு கேக்குறாங்க. எங்ககிட்ட இன்னா ரெக்கார்டு கீது? பேருகூடத் தெரியாது, பதினேழுன்ற எண்ணிக்கதான் கீது. உங்க வூட்டுலேர்ந்து ஒரு வார்த்த சொன்னா நிப்பாட்டுவாங்க” என்றாள்.

நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்த அப்பாவின் தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தேன். அவள் சொன்னது பொய் என்று காட்ட ஒரு காகிதமாவது இருக்கும் என்றுதான் தேடினேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் யாக்கோபு தன் பிள்ளைக்கு எழுதிவைத்த செட்டில்மென்ட் பத்திரம் இருந்தது, 1899. ஊரார் பத்திரங்களை முப்பது வருஷம் வரி விடாமல் படித்தவள் நான். எங்கள் வீட்டுப் பத்திரத்தை முழுசாகப் படித்ததில்லை. நான்கெல்லை, தூண், தேக்குக் கதவு என்று பெருமையான பக்கங்களை மட்டும் படித்திருக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘மேற்படி கட்டடத்தின் மேற்குச் சுவரையொட்டிப் பத்தடி அகலத்துக்கு, என் வாரிசுகளாவது அவர்களிடம் கிரயம் பெறுகிறவர்களாவது, கிணறு, குழி, கக்கூஸ் வகையறா எதுவும் வெட்டக் கூடாது. மேற்படி சுவரில் வாசலோ ஜன்னலோ திறக்கவும் கூடாது.’

கிணறு வெட்டக் கூடாது என்றால் அஸ்திவாரத்துக்குப் பயந்தார் என்று சொல்லிக்கொள்ளலாம். ஜன்னல் திறக்கக் கூடாது என்று ஏன் எழுதினார்? ஜன்னலால் எந்தச் சுவரும் விழுவதில்லை. அந்தப் பக்கம் பார்க்க முடியாத மனுஷன்தான் அப்படி எழுதுவான். பிள்ளையும் பார்க்க வேண்டாம், பேரனும் பார்க்க வேண்டாம் என்று நினைத்த மனுஷன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே இருபத்திரண்டு வருஷம் அந்த வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி ஜெபம் பண்ணியிருக்கிறார்.

இன்னொன்றும் அப்போது ஞாபகம் வந்தது. 2006இல் கிரயப் பத்திரம் எழுதும்போது வக்கீல் கேட்டார், பழைய பத்திரத்தில் மேற்குப் பக்கம் ஏதோ நிபந்தனை இருக்கிறதே, வாங்குகிறவர்கள் யோசிப்பார்களே, விட்டுவிடலாமா என்று. அப்பா என்னைப் பார்த்தார், வீட்டில் பத்திரம் தெரிந்தவள் நான் அல்லவா. நான் தாளை வாங்கிக்கூடப் பார்க்காமல், “அந்தக் காலத்துப் பயம் சார் அது, எடுத்துடுங்க” என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரு சொல்லால்தான் இன்றைக்கு அங்கே சுண்ணாம்புக் கோடு விழுந்திருக்கிறது.

தரையில் உட்கார்ந்து அழுதேன். யாருக்காக என்று கேட்டால் முதலில் எனக்காகத்தான். அந்தக் கல்லுக்காக. அப்புறம்தான் மற்றவர்கள் ஞாபகம் வந்தது.

கோயம்புத்தூரிலிருக்கும் அண்ணனுக்கு ஃபோன் செய்து பத்திரத்தை வாசித்துக் காட்டினேன். ஜெபர்சன், “மெர்சி, நூத்தம்பது வருஷம் ஆச்சு. எலும்புகூட மண்ணாப் போயிருக்கும். அப்பா ஆசைப்பட்ட மாதிரி இப்பதான் நம்ம பேரு ஒரு கல்லுல வருது. அத நீயே கெடுக்கப் போறியா?” என்றான்.

“தொட்டி எங்க வரப் போவுதுன்னு சொன்னேன்ல அண்ணே.”

“தொட்டி எங்கேயாவது வந்துதான ஆகணும்.”

“அப்பா தலைக்கு மேல வரட்டுமா?”

அவன் ஃபோனை வைத்துவிட்டான். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனாலும் கேட்டதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பாடாமலே திரும்பி வந்தேன். பத்திரத்தை யாரிடமும் காட்டாமல் பெட்டியில் திரும்ப வைத்துவிடலாம் என்று அன்று முழுக்க என்னால் நினைக்க முடிந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை. பாப்பம்மாளின் பேச்சை எந்த ஆபீசும் எழுதிக்கொள்ளப் போவதில்லை. யாக்கோபுக்கும் இதே நிம்மதி இருந்திருக்கும் என்று தோன்றியபோதுதான் எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

திங்கட்கிழமை காலை, ஷிப்ட் பஸ்களுக்கு நடுவே டவுன் பஸ்ஸில் போய் இறங்கினேன். ஜேசிபி வந்து நின்றிருந்தது, டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எழிலரசனிடம் பத்திரத்தைக் கொடுத்தேன். அவர் கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். நல்ல மனுஷன்தான்; முகத்தில் சங்கடம் தெரிந்தது.

“மேடம், இத நான் மேலிடத்துல காட்டுனா டேங்க கிழக்குப் பக்கம் மாத்திடுவாங்க. வில்லங்கம்னாலே அவங்களுக்கு ஆகாது. ஆனா காரணம் கேப்பாங்க. எழுத்துல வேணும்.”

“எழுதித் தரேன்.”

“அப்புறம்...” அவர் போர்ட்டிகோவைப் பார்த்தார். “காரணம் இதுன்னு ஃபைல்ல ஏறிட்டா, அந்தக் கல்ல வைக்க முடியாது மேடம்.”

“தெரியும்” என்றேன். “பேனா குடுங்க.”

தூசி படிந்த மேசையில் உட்கார்ந்து எழுதினேன். ‘என் தகப்பனாரின் கொள்ளுத்தாத்தா யாக்கோபு என்பவர், பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த ஆட்களை வைத்தும், அவர்களுக்கென்று அரசாங்கம் கொடுத்த தானியத்தை வைத்தும் இந்த வீட்டைக் கட்டினார். அப்போது இறந்த பதினேழு பேர் மேற்குச் சுவரின் அடியில் இருக்கிறார்கள் என்று நெல்லித்தாங்கல் காலனியார் சொல்வதை நான் நம்புகிறேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அவர் எழுதிய நிபந்தனையே சாட்சி. அந்த நிபந்தனையை 2006இல் எடுக்கச் சொன்னவள் நான்.’ எழுத்தராக இருந்த காலமெல்லாம் சேர்த்து நான் எழுதிய மிகச் சின்னப் பத்திரம் அதுதான். கையெழுத்துப் போட்டு எழிலரசனிடம் கொடுத்தேன்.

தொட்டி கிழக்குப் பக்கம் போனது. மேற்குச் சுவரையொட்டிப் பத்தடிக்குக் கம்பி வேலி போட்டார்கள். கறுப்புக் கல்லைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தைப் பாலிஷ் செய்து, விருந்தினர் சமையலறையில் மேடையாக்கிவிட்டார்கள். கேள்விப்பட்டபோது சிரிப்பு வந்தது. அப்பாவின் பதினாறு தூண் வீட்டில் எங்கள் பெயர் இனி வெங்காயம் நறுக்குகிற இடத்துக்கு அடியில்தான் இருக்கும். அண்ணன் ஒரு மாசமாகப் பேசவில்லை.

ஆடி கடைசி வாரத்தில் பாப்பம்மாள் ஃபோன் செய்தாள். “ஞாயித்துக்கெழம வந்துருங்கமா” என்று மட்டும் சொன்னாள்.

போனேன். பின்வாசல் வழியாகத்தான் போனேன், அந்த வாசலில் என் காலடி பட்டது அதுவே முதல் தடவை. நாற்பது பேர் இருந்தார்கள். இரவு ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்தவர்கள், கைக்குழந்தைக்காரிகள், கழுத்தில் ஜெபமாலை போட்ட இரண்டு மூன்று பேர், நெற்றி நிறையத் திருநீறு பூசியவர்கள், எல்லோரும் கலந்து நின்றார்கள். மந்திரமும் இல்லை, பாட்டும் இல்லை. பாப்பம்மாள் பானையிலிருந்து அகப்பையால் மொண்டு சுவரடியில் ஊற்றினாள். ஒவ்வொரு அகப்பைக்கும் கூட்டம் மெதுவாக எண்ணியது. நான் கடைசியில், வேலிக்கு வெளியே நின்றேன். இத்தனை வருஷம் படியில் உட்கார்ந்து பெருமையாகக் கேட்ட எண்ணிக்கையை அன்றைக்குத்தான் ஆள் ஆளாகக் கேட்டேன்.

ஊற்றி முடித்ததும் பாப்பம்மாள் அகப்பையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தாள். என் கைகளைப் பார்த்தாள். “உப்பு எங்கமா?”

எனக்குப் புரியவில்லை. “நீங்கதான் கூழுக்கு உப்பு போடறதில்லையே.”

“கூழுக்கு இல்ல.” அவள் சுவரைக் காட்டினாள். இடுப்பு உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்து, பொரிந்து, செங்கல் தெரிய நின்றது. “நீங்க படியில ஒக்காந்து அளந்து போடுவீங்களே, அந்த உப்ப நாங்க வூட்டுக்கு எடுத்துனு போனதே இல்ல. பின்வாசல் வழியா போவும்போது இங்கதான் கொட்டிட்டுப் போவோம். எங்க முன்னோருங்க காலத்துலேர்ந்து அப்படித்தான். அன்னைக்கு அவங்களுக்குக் குடுக்காத உப்பு அது. உங்க வூட்டுலேர்ந்து வந்துச்சு, அவங்களுக்கே குடுத்துட்டோம்.”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இஞ்சினியருக்குப் புரியாத காரணம் எனக்குப் புரிந்தது. அந்தச் சுவரில் என் ஆழாக்கும் இருந்தது, அம்மாவினுடையதும், எனக்கு முன்னால் படியில் உட்கார்ந்த பெண்களினுடையதும் இருந்தன. தெரியாமல் கொடுத்தோம். ஆனாலும் போய்ச் சேர வேண்டியவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. எங்கள் வம்சத்தில் யாரும் அறியாமலே செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று தோன்றியது.

“நீங்க வூட்ட வித்துட்டுப் போனதும் நின்னு போச்சு” என்றாள் பாப்பம்மாள். “நாங்க வாங்கிப் போடக் கூடாதுமா. கூழு எங்களுது. உப்பு உங்க வூட்டுதுதான் வரணும்.”

ஷிப்ட் பஸ் நிற்கிற முனையில் இசக்கிசெல்வி என்று தெற்கத்திக்காரி ஒருத்தி மளிகைக் கடை வைத்திருக்கிறாள். வெயிலில் அவ்வளவு தூரமும் நடந்து போனேன். கல்லுப்பு இரண்டு கிலோ கேட்டேன்.

“இம்புட்டு உப்பு எதுக்குக்கா? ஊறுகா போடப் போறியளா?” என்றாள்.

“இல்லம்மா. குடுக்க வேண்டியவங்களுக்கு” என்றேன்.

திரும்பி வந்தபோது ஒருவர்கூடக் கலையாமல் நின்றிருந்தார்கள். வேலிக் கதவைத் திறந்துவிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கூழ் இன்னும் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தேன், ஆனால் அங்கே நின்றதும் கை உப்புப் பாக்கெட்டைத்தான் தேடியது. முதல் பாக்கெட்டைப் பிரித்து ஒவ்வொரு கையாகப் போட்டேன். கடைசிக் கைக்குப் பாக்கெட்டைக் கவிழ்த்துத் தட்ட வேண்டியிருந்தது. பதினேழாவது கையைப் போட்டதும், ஜாடியை மடியில் வைத்திருந்த காலத்துப் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது.

“போதுமா?”

எனக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் அம்மாக்களும் அப்பாக்களும் எனக்கு எத்தனையோ தடவை “போதும்மா” என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை ஒருவரும் சொல்லவில்லை.

நான் இரண்டாவது பாக்கெட்டைப் பிரித்தேன்.